இமைக்கு உட்பக்கம்

கண்ணை மூடி, மூடிய கண்ணின் மேல் உலோக மூடிகளும் வைத்துக் கிடந்தபோது, குகதாசன் அந்த அறையைப் பார்த்தார்.

கண் வறட்சிக்கான ஒளிச் சிகிச்சையின் முதல் வெளிச்சம் வெட்டிய கணத்தில்தான். கன்னத்தில் பூசிய ஜெல்லின் குளிர்ச்சி, கருவியின் விசிறி இரைச்சல், ரப்பர் பட்டியால் சுண்டினாற்போன்ற எரிவு, எல்லாம் கருவியை இயக்கும் றொஷானி முன்கூட்டியே சொல்லிவைத்தவை. ஆனால் மூடிக்குள் இருட்டாகத்தான் இருக்கும் என்றாளே. கதவும் கைகழுவும் தொட்டியும் சிவப்பாகத் தெரிந்து மறைந்தன. கதவடியில் ஓர் ஆள் நின்றான்.

"ஆரும் உள்ளுக்கு வந்தவையோ, பிள்ளை?"

"இல்லை அங்கிள், நாங்கள் ரெண்டு பேரும்தான். ஆடாமல் இருங்கோ."

அடுத்த வெட்டில் அவன் தொட்டியடிக்கு வந்திருந்தான். அதற்கடுத்ததில் கட்டிலின் கால்மாட்டில். அவன் கண்களிலும் அதே உலோக மூடிகள்.

குகதாசன் பஸ் சாரதி. எதிரே வரும் வாகன விளக்குகளெல்லாம் முள்முள்ளாய்ச் சிதறத் தொடங்கியதால், கண் ஈரம் திரும்பும்வரை பஸ் ஓட்டக்கூடாது என்று கம்பனி வைத்தியர் மறித்துவிட்டிருந்தார். இல்லாத ஆளைப் பார்க்கிறேன் என்றும் சொன்னால் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவே விடமாட்டார்கள்.

சிகிச்சை முடிந்து விம்பிள்டனில் டிராம் ஏறியபோது பின்னேரம்தான், ஆனாலும் மார்கழி வெளிச்சம் வடிந்துவிட்டிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சத்தம், நனைந்த மேலங்கிகளின் வாடை, வளைவுகளில் கிறீச்சிடும் தண்டவாளம். ஒருமுறை இமைத்தார். மூடிய அந்தச் சின்னக் கணத்தில் பெட்டி முழுவதும் சிவப்பாய் எரிந்தது. பிள்ளைகளுக்கு நடுவே, கம்பியைப் பிடிக்காமல், ஆடாமல் அவன் நின்றான். கண்ணைத் திறந்தார். பிள்ளைகள் மட்டும்.

திரும்ப இமைத்தார். இரண்டு இருக்கை கிட்ட.

அதன்பிறகு இமைக்காமலிருக்கப் பார்த்தார். கதவு திறக்கும் ஒவ்வொரு தரிப்பிலும் குளிர்காற்று வந்து கண்ணை உரசியது. மணல் அள்ளிப் போட்டதுபோல் அரித்தது. வெஸ்ட் குறொய்டனில் இறங்கி, பஸ்சுக்குள் அவனோடு அடைபட மனமில்லாமல், தோர்ண்டன் ஹீத் வரை நடந்தார். பின்னால் காலடிச் சத்தம் ஏதுமில்லை. அதுதான் பயமாயிருந்தது. இமை விழுந்தபோதெல்லாம் அவன் முன்னால்தான் நின்றான். கைக்கெட்டும் தூரத்தில். பிறகு அதையும்விடக் கிட்ட.

வீட்டில் மனைவி குமுதினி குசினியில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். மனிசனின் முகத்தைப் பார்த்ததும் அடுப்பை அணைத்தாள்.

"என்னப்பா, கண் ரத்தமாய்க் கிடக்கு. சுடுதுணி போடச் சொன்னவையெல்லோ?"

"வேண்டாம்."

"வேண்டாமெண்டால்? பஸ்சுக்குத் திரும்பிப் போற எண்ணம் இல்லையோ? இதிலை இருங்கோ."

இனியும் தாங்க ஏலாது. இருந்தார். அவள் பின்னால் நின்று, அவர் தலையைத் தன் வயிற்றோடு சாய்த்து, பிழிந்த துணியைக் கண்ணில் வைத்து உள்ளங்கையால் பொத்தினாள். இதமான சூடு. கொஞ்ச நேரம் வெறும் இருட்டு. நிம்மதியாய் மூச்சு விட்டார்.

பிறகு சிவந்தது.

அடுப்பைத் தேடினார். தெரியவில்லை. கதவு தெரியவில்லை. யன்னல் தெரியவில்லை. எதையும் பார்க்கவிடாமல் ஒரு முகம் மறைத்துக்கொண்டிருந்தது. உலோக மூடிகள் இப்போது இல்லை. இமைகளும் இல்லை. உப்புப் பூத்து வெடித்த இரண்டு வெள்ளை உருண்டைகள். இமைக்க எதுவுமில்லாமல் அவரையே பார்த்தன.

அது கைகளைத் தூக்கியது.

"சூடு ஆறமுதல் கண்ணைத் திறக்காதேங்கோ," என்றாள் குமுதினி, துணியை அழுத்தி.

"நான் திறக்கேல்லை."

அவள் கை அசைவற்று நின்றது. துணிக்குக் கீழே, இமைக்கும் கண்ணுக்கும் இடையில், காய்ந்த விரல்நுனிகள் நகர்ந்தன. மெதுவாக. ஓரத்தைத் தேடி. பிடித்துக்கொண்டன.

அவர் இமைகள் உள்ளிருந்து உயரத் தொடங்கின.