தட்டைக் கோடு

வாடிக்கையாளர் நன்றி சொல்லிப் போனை வைத்த பிறகும், பதிவின் கடைசி நொடியில் யாரோ மூக்கால் மெல்லச் சிரித்தார்கள்.

பின்னால் ஓட்டிக் கேட்டாள். அதே சிரிப்பு. ஆனால் திரையில் அந்த இடத்தில் ஒலிக்கோடு தட்டையாகக் கிடந்தது.

கால் சென்டரில் மற்றவர்கள் பேசியதைக் கேட்டு, மரியாதை குறைந்த இடத்தில் சிவப்புப் புள்ளி வைப்பது அவள் வேலை. மூன்று புள்ளி விழுந்தவர் வேலையை விட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நக்கலை அவளைப்போல மோப்பம் பிடிக்க ஆளில்லை. வீட்டிலேயே முதல் பட்டதாரி. கல்லூரியில் அவள் வாய் திறந்தபோதெல்லாம் பின்வரிசை இப்படித்தான் சிரித்தது. சிரித்தவர்களுக்கு மறந்திருக்கும்.

இந்தப் பதிவு மூன்றாம் இருக்கைக்காரியுடையது. ஏற்கெனவே இரண்டு புள்ளி.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவளே வந்தாள். "என்ன பட்டதாரி, சாப்பிட வரலையா?"

பட்டதாரியாம். கொழுப்பு.

"இதக் கேளு. எதுக்குடி சிரிச்ச?"

வந்தவள் ஹெட்போனை வாங்கிக் கேட்டாள். "ஒண்ணுமே இல்லையேடி. வெளையாடாத, என் சம்பளத்துலதான் வீடே ஓடுது."

இவள் ஹெட்போனைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு வேறொருத்தியின் பதிவைத் திறந்தாள். முடிவில் அதே சிரிப்பு. ஓர் ஆணின் பதிவு. அதே சிரிப்பு. கடைசியாக, ஆளில்லாத அறையில் மைக்கைச் சோதிக்க எடுத்த நாற்பது நொடிப் பதிவு: ஏசியின் முனகல் மட்டும். அவள் உட்கார்ந்திருந்த அறையின் தரைவிரிப்புப் பசை நாற்றம் மூக்கில் ஏற ஏற, காதை அழுத்திய ஹெட்போன் பஞ்சு மெல்லச் சூடாகிக்கொண்டே வந்தது, யாரோ உள்ளிருந்து மூச்சு விடுவதுபோல.

நாற்பதாவது நொடியில் சிரித்தது.

கழற்றி எறிந்தாள். பஞ்சு ஈரமாக இருந்தது.

சிரிப்பு நிற்கவில்லை.

வந்தவள் அவள் வாயையே பார்த்தாள். "ஏய்... நீ ஏன் சிரிக்கிற?"

"நான் சிரிக்கல."

"நிறுத்துடி. பயமா இருக்கு."

வந்தவள் பின்வாங்கினாள். வெளியே போனாள். கதவைச் சாத்தி, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

இவள் உள்ளிருந்து இழுத்தாள். கதவு அசையவில்லை.

வாயைப் பொத்தினாள். உதடு மூடித்தான் இருந்தது. பல்லும் கடித்தபடி.

சிரிப்பு.

மேசையில் மைக் திறந்தே கிடந்தது. திரையில் தட்டைக் கோடு துள்ளியது. மறுபடி துள்ளியது.

இரண்டு கையும் வாயின் மேல். மவுஸ் பக்கம் யாருமில்லை.

திரையில் மூன்றாம் இருக்கைக்காரியின் பெயருக்கு நேரே, மூன்றாவது புள்ளி சிவந்தது.