நாற்பத்தேழாம் கம்பம்

தையல்காரம்மா பூட்டுக் கடைக்குள் நுழைந்தபோது பூட்டுக்காரர் ஒரு அலமாரிப் பூட்டின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே துழாவிக்கொண்டிருந்தார். அவரைத் தேடி சாவி தொலைத்தவர்கள் மட்டும் வருவதில்லை. மண்டை குழம்பியவர்களும் வருவார்கள். அவருடைய மனைவியின் தம்பி எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். ரொட்டி வேன் ஓட்டுகிறவன். ஊரே அவனை 'அவசரம்' என்றுதான் கூப்பிடும்.

"உக்காருங்கக்கா. ஏன் மூஞ்சி இப்படி வாடிப் போயிருக்கு?"

"நாளைக்கு சாயங்காலத்தோட என் பொழப்பு முடிஞ்சுது தம்பி."

நகராட்சி மன்ற அறைச் சுவரில் பாதுகாப்புக் குழு ஒரு பெரிய வரைபடத்தை மாட்டியிருந்தது. ஊருக்குள் எங்கே பை பறிபோனாலும் அந்த இடத்தில் ஒரு சிவப்புக் குண்டூசி. தையல்காரம்மாவின் கடை இருக்கும் சந்தில், கடை வாசலில் நிற்கும் நாற்பத்தேழாம் நம்பர் விளக்குக் கம்பத்தில் மட்டும் பத்தொன்பது குண்டூசிகள். அதனால் சந்தின் இரண்டு முனையிலும் இரும்புக் கதவு போட்டு, சாயங்காலம் ஆறு மணிக்குப் பூட்டிவிடுவதாகத் திட்டம். மறுநாள் நாலு மணிக்குக் கூட்டத்தில் முடிவு.

"எங்கிட்ட துணி குடுக்கறவங்க எல்லாம் வேலைக்குப் போறவங்க. ஆறுக்கு மேலதான் வருவாங்க. கதவப் பூட்டிட்டா நான் யாருக்குத் தைக்கிறது?"

"நீங்க ஏதாச்சும் பாத்தீங்களாம்மா?" பூட்டுக்காரர் தலையைத் தூக்கவில்லை.

"ஒண்ணுகூட இல்லண்ணே. எட்டு மணி வரைக்கும் வாசல்லதான் மிஷின். அந்தக் கம்பத்து வெளிச்சத்துலதான் ஊசியில நூல் கோக்கறேன். போதாததுக்கு ரெண்டு வாரமா நகராட்சி காவலாளி வேற அதே கம்பத்தடியில ஸ்டூல் போட்டு உக்காந்திருக்காரு. அப்பவும் மூணு குண்டூசி ஏறியிருக்கு! இப்ப என்னடான்னா, இவ பாத்துட்டே சும்மா இருக்கா, இவளுக்கும் பங்கு இருக்குன்னு பேசறாங்க."

அவசரம் தொடையைத் தட்டினான். "மாமா, முடிஞ்சுது. காவலாளிதான் கூட்டாளி. வாங்க, போய் சட்டையப் பிடிப்போம்."

"மாப்ளே, ரொட்டி வேகறதுக்குள்ள வேனை எடுக்காத," என்றார் பூட்டுக்காரர். குறடைக் கீழே வைத்தார்.

சந்துக்குப் போய்ப் பார்த்தார்கள். சுத்தமான சிமெண்டுத் தரை. கம்பத்தில் மஞ்சள் பெயிண்டில் 47 என்று கொட்டை எழுத்து. காவலாளி பாவம், கொட்டாவிதான் விட்டுக்கொண்டிருந்தார். கடையைத் தாண்டி ஐம்பது அடி நடந்தால், மேலே பஸ் ரோட்டுக்கு ஏறும் கல் படிக்கட்டு. அது பாதியில் ஒரு பெரிய சுவரைச் சுற்றித் திரும்பும். திரும்பியதும் கீழே இருக்கும் சந்து கண்ணில் படாது. பஸ் இரைச்சலில் பக்கத்தில் பேசுவதே கேட்கவில்லை. அந்தத் திருப்பத்தில் ஒரு குழாய் ஒழுகி ஒரே சேறாகக் கிடந்தது. அவசரத்தின் ஒரு செருப்பு அதில் மாட்டிக்கொண்டது.

"துப்பு துலக்க வந்து செருப்பத் தொலைக்கணுமா?" என்று முனகிக்கொண்டே பிடுங்கினான். பூட்டுக்காரர் அவனைப் பார்க்கவில்லை. அண்ணாந்து பார்த்தார், பிறகு சுற்றிப் பார்த்தார், இறங்கிவிட்டார்.

நகராட்சிக் கவுண்டரில் இருந்த குமாஸ்தா, பெயர்களை ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டு புகார்த் தாள்களைக் காட்டினார். பூட்டுக்காரர் மெதுவாகப் படித்தார். 'இருட்டில் முகம் தெரியவில்லை' என்றது ஒன்று. 'கீழே விழுந்து துணியெல்லாம் சேறு' என்றது இன்னொன்று. இடம் என்று தனியாக எதுவும் கேட்டிருக்கவில்லை. 'அருகிலுள்ள கம்பத்தின் எண்' என்று ஒரே ஒரு கட்டம். பத்தொன்பதிலும் 47.

"எல்லாமே கட்டுக்கதை மாமா," என்றான் அவசரம். "வேணும்னே யாரோ எழுதிப் போட்டிருக்காங்க. எங்கிட்ட ரொட்டி வாங்கற நர்சம்மாவும் பையப் பறிகுடுத்தேன்னு சொன்னாங்க. போய் விசாரிக்கிறேன்."

அரைமணி நேரத்தில் முகம் தொங்கத் திரும்பி வந்தான்.

"நெஜந்தான் மாமா. அறுந்த வாரைக் காட்டினாங்க. முழங்கையில இன்னும் காயம் ஆறல. அக்காவும் நெஜம், நர்சம்மாவும் நெஜம்னா, அப்பப் பொய் சொல்றது யாரு?"

"நர்சம்மாவ நாளைக்குக் கூட்டத்துக்கு வரச் சொல்லு," என்றார் பூட்டுக்காரர். "பொய் சொல்றது அந்தத் தாளு."

மறுநாள் நாலு மணிக்கு மன்ற அறை நிறைந்திருந்தது. பாதுகாப்புக் குழுவின் தலைவரம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தீர்மானத்தைப் படிக்கத் தொடங்கினார். விதியை எழுத்துக்கு எழுத்து பார்க்கிறவர் என்று பெயர் எடுத்தவர். தையல்காரம்மா கடைசி வரிசையில் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காவலாளி பக்கத்திலேயே இருந்தும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பூட்டுக்காரர் கையைத் தூக்கினார்.

"தலைவரம்மா, திருட நெனைக்கிறவன் ஊர்லயே வெளிச்சமான எடத்துக்கு வருவானா? அதுவும் காவலாளி உக்காந்திருக்கிற எடத்துக்கு?"

"வந்திருக்கானே. பத்தொன்பது பேர் அவங்க கையாலயே நம்பர் எழுதியிருக்காங்க."

"ஊசியில நூல் கோக்கற அளவுக்கு வெளிச்சம். ஆனா முகம் தெரியலைங்கறாங்க. சிமெண்டுத் தரை. ஆனா துணியெல்லாம் சேறுங்கறாங்க. இந்த ரெண்டும் அந்தக் கம்பத்தடியில நடக்க வழியே இல்ல. ஐம்பது அடி தள்ளி ஒரு படிக்கட்டு இருக்கு. அங்க சேறும் இருக்கு, இருட்டும் இருக்கு. எங்க மாப்ள செருப்பக் கேட்டா அது சொல்லும்."

அறையில் சிரிப்பு எழுந்தது. அவசரம் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

பூட்டுக்காரர் நர்சின் பக்கம் திரும்பினார். "உங்க பை எங்கம்மா போச்சு?"

"படிக்கட்டுத் திருப்பத்துலதான்," என்றார் நர்ஸ், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல. "இழுத்துட்டு ஓடிட்டான். நான் பயந்து மேல பஸ் ஸ்டாப்புக்கே ஏறிட்டேன், அங்கதான் ஆளு இருக்கும்னு."

"அப்ப ஏன் நாப்பத்தேழுன்னு எழுதினீங்க?" தலைவரம்மாவின் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

"கம்ப நம்பர் இல்லாம பதிய மாட்டோம்னு கவுண்டர்ல சொன்னாங்க. மறுநாள் பகல்ல போய்த் தேடினேன். அந்தப் படிக்கட்டுல கம்பமே இல்ல. மேல ரோட்டுக் கம்பத்துல நம்பர் கெடையாது. இறங்கி வந்தா முதல்ல கண்ணுல பட்டது நாப்பத்தேழு."

ஜன்னலோரம் இருந்த குமாஸ்தா மெல்லத் தலை குனிந்துகொண்டார்.

"கம்பம் இல்லாததால அங்க இருட்டு," என்றார் பூட்டுக்காரர். "இருட்டுங்கறதால அங்க திருட்டு. ஆனா கம்பம் இல்லாத எடத்துக்கு உங்க தாள்ல நம்பரும் இல்ல. அதனால அங்க நடக்கறது பூரா வெளிச்சமா இருக்கிற எடத்து மேல விழுது. நீங்க காவலாளியக் கொண்டுபோய் வெளிச்சத்துல உக்கார வெச்சீங்க. அவர் கண்ணுக்கு எப்படிப் படும்? தையல்காரம்மா கண்ணுக்கு எப்படிப் படும்? நாளைக்கு அந்தச் சந்தப் பூட்டினா, படியில மாட்டிக்கிறவங்க கீழ ஓடி வர்றதுக்கு இருக்கிற ஒரே வெளிச்சமும் போயிடும்."

தலைவரம்மா வரைபடத்தின் முன்னால் போய் நின்றார். பிறகு அந்தப் பத்தொன்பது குண்டூசிகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, படிக்கட்டின் மேல் குத்தினார்.

"கதவு வேண்டாம்," என்றார். "படிக்கட்டுக்கு மூணு கம்பம், குழாய்க்கு ரிப்பேர், காவலாளி இன்னிக்கே திருப்பத்துக்கு. தாள்ல இருக்கிற கட்டத்த எடுத்துட்டு, எங்கே நடந்ததுன்னு வாய்விட்டுக் கேளுங்க." கடைசி வரிசையைப் பார்த்தார். "அம்மா, உங்களப் பத்தி இந்தக் கட்டடத்துல பேச்சு நடந்தது. அது தப்பு. எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

தையல்காரம்மா எழுந்து நின்றார். அழுகை வருமென்று அவசரம் கைக்குட்டையைத் தேடினான். அழவில்லை.

"கம்பம் வர எத்தன நாளாகும்?"

"மூணு வாரம்."

"அதுவரைக்கும் இந்த நர்சம்மா தெனம் ஏழு மணிக்கு இருட்டுல எப்படி எறங்கி வருவாங்க? என் கடையிலருந்து ஒயர் இழுத்து, திருப்பத்துல ஒரு பல்பு கட்டிடறேன்."

"விதிப்படி தனியார் ஒயரை நகராட்சிச் சுவத்துல கட்டக் கூடாது," என்றார் தலைவரம்மா உடனே.

தையல்காரம்மா முந்தானையை இடுப்பில் செருகினார். போய்விட்டார்.

இருட்டத் தொடங்கும் நேரத்தில் அவசரம் வேனில் ஏணியைப் போட்டுக்கொண்டு வந்தான். திருப்பத்துக்கு வந்திருந்த காவலாளி டார்ச் அடித்தார். சேற்றுத் தரையில் ஏணி ஆடியது. அவன் மேலே நின்று கொக்கி மாட்ட, கீழே தையல்காரம்மா ஒயரை விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, கெட்டியாப் பிடிங்க! ஆடுது!"

"நான் இங்க இருக்கேன் மாப்ளே," என்று படிகளின் மேலிருந்து பூட்டுக்காரரின் குரல் கேட்டது.

அவசரம் குனிந்து பார்த்தான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கணுக்கால் வரை சேற்றில் நின்று, இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் தலைவரம்மா.

"என்ன பாக்கற?" என்றார் அவர். "சீக்கிரம் மாட்டு. ஏழு மணிக்கு நர்ஸ் வருவாங்க."