கண்ணாடியின் உட்புறம்

படத்தில் பதிந்திருந்த கட்டைவிரலில் ரேகையே இல்லை.

ரேகை மேடம் உருப்பெருக்கியை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். காவல்துறையின் விரல்ரேகைப் பிரிவில் முப்பத்து மூன்று வருடம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு சம்பாதித்த பட்டப்பெயர் அது. ஓய்வுபெற்ற மறுவாரமே ஒரு பெட்டி பேஸ்டல் வண்ணக் குச்சிகள் வாங்கிவிட்டாள். காலமெல்லாம் ரேகை எடுக்கும் தூளோடு பழகிய கைக்கு, தூள் உதிரும் இந்தப் பொழுதுபோக்கு கச்சிதமாகப் பொருந்தியது.

முதலில் வரைந்தது தன் வீட்டுக் கூடத்தைத்தான். சாயங்கால வெயில் விழும் ஜன்னல், மர நாற்காலி, உள்ளறையின் திறந்த கதவு. பேஸ்டலில் நிறத்தை விரலால் தேய்த்துத்தான் குழைக்க வேண்டும் என்பதால் படம் முழுக்க அவள் விரல்கள் பட்டிருந்தன. உள்ளறை இருட்டை மட்டும் அவள் தொடவில்லை, கறுப்புக் குச்சியாலேயே அப்பிவிட்டிருந்தாள். அந்த இருட்டில்தான் இந்தக் கட்டைவிரல். ஓரம் கத்தரித்தாற்போல் துல்லியம், நடுவில் மொழுமொழுவென்று வெறும் தோல். எத்தனையோ ஆயிரம் விரல்களைப் பார்த்தவள், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

மறுநாள் பக்கத்தில் நான்கு விரல்கள் சேர்ந்திருந்தன. அவளுக்குக் கோபம் வந்தது.

அந்த நேரம் பார்த்து மகன் கூப்பிட்டான்.

"தனியா இருந்து என்னத்தம்மா சாதிக்கப் போறீங்க? ஞாயித்துக்கிழமை வண்டியோட வரேன். கிளம்பி இருங்க."

"வா. சாப்பிடு. போ. நான் எங்கயும் வரல."

"குரலே ஒரு மாதிரி இருக்கு. ஏதாவது பிரச்சினையா?"

"தூசிடா. வேற ஒண்ணுமில்ல."

வாய் தவறி ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவுகட்டி வீட்டைப் பூட்டிவிடுவான். மருமகள் நல்லவள்தான். அந்த நல்லவள் வீட்டில் டீ போடக்கூட அனுமதி கேட்டுக்கொண்டு காலம் தள்ள இவளால் ஆகாது.

இனி எந்த விரலும் படக் கூடாதென்று, படத்தைச் சட்டம் போடும் கடைக்காரரிடம் கொடுத்துக் கண்ணாடி போட்டாள். தூள் கண்ணாடியில் ஒட்டாதபடி நடுவில் அட்டை வைத்து இடைவெளி விட்டு, பின்பக்கம் சுற்றிலும் காகிதம் ஒட்டி அடைத்துக் கொடுத்தார் அவர். "இனிமே ஒரு எறும்புகூட உள்ள போகாது மேடம்" என்றார்.

உள்ளே எதுவும் போகவில்லைதான். சனிக்கிழமை நாலு மணிக்கு அவள் டீயோடு கூடத்துக்கு வந்தபோது மின்விசிறி ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது, தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மழைக்கு முந்தைய புழுக்கத்தில் பேஸ்டல் தூளின் வறட்டு வாசனை வழக்கத்தைவிடத் தூக்கலாக அடித்தது. சுவரில் மாட்டியிருந்த படத்தின் கண்ணாடியில் ஐந்து கறுப்புப் புள்ளிகள். புடவைத் தலைப்பால் துடைத்தாள். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தாள். போகவில்லை.

உட்புறம் இருந்தன.

தெருவண்டி கிளம்பிப் போய்விட்டது. மின்விசிறி மட்டும். அவள் பின்னால் திரும்பி உள்ளறைக் கதவைப் பார்க்கவில்லை. பார்த்தால் ஓடிவிடுவாள். ஓடினால் ஞாயிற்றுக்கிழமை வண்டி.

"இது என் வீடு" என்றாள் சத்தமாக. "முப்பத்து மூணு வருஷம் உழைச்சுக் கட்டினது. பெத்த பிள்ளைக்கே விட்டுக் கொடுக்கல, உனக்கா விட்டுக் கொடுப்பேன்?"

சொல்லிவிட்டு, தன் வலது கையை அந்த ஐந்து புள்ளிகளின்மேல் வைத்து, யாரையோ நெஞ்சில் கைவைத்துத் தள்ளுவதுபோல் அழுத்தினாள். கண்ணாடி சூடாக இருந்தது. அந்தப் பக்கமிருந்தும் அழுத்தம் வந்தது. அவள் விடவில்லை. தோள்பட்டை நடுங்கியது. விடவில்லை.

அழுத்தம் சட்டென்று நின்றது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துத்தான் கையை எடுத்தாள்.

அவள் கை பட்ட வெளிப்புறத்தில் ஒரு தடமும் இல்லை. உட்புறத்துக் கறுப்பில் இப்போது கோடுகள் இருந்தன. வளைவு, சுழி, கிளை. கட்டைவிரலில் இரட்டைச் சுழி. உருப்பெருக்கி தேவைப்படவில்லை. உலகத்தில் ஒரே ஒரு விரலுக்குத்தான் அந்த ரேகை உண்டு, அவளுடைய வலது கட்டைவிரலுக்கு.

கையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். ஐந்து விரல் நுனியும் மொழுமொழுவென்று.

இருந்தும் நகரவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டுப் படத்துக்கு நேரெதிரே உட்கார்ந்தாள். "நானும் இங்கதான் இருக்கேன்" என்றாள்.

கண்ணாடிக்குள் அந்த விரல்கள் அசைந்தன. ஆவி படிந்த ஜன்னலைத் துடைப்பதுபோல், வட்டமாக, பொறுமையாக, எட்டிப் பார்க்கும் அளவுக்குத் தூளைத் துடைக்க ஆரம்பித்தன.