மஞ்சள் கோடுகளுக்கு நடுவே

யானை ஒன்றைப் பார்ப்பதற்காக ஆறாம் வகுப்பு முழுவதும் பென்னலூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்டது. அது காட்டு யானையும் அன்று. கோயில் யானையும் அன்று. பழைய கார்களின் முகவிளக்குகளை ஒன்றோடொன்று பொருத்திச் செய்த யானை. நகரத்தின் பெரிய நவீனக் கலைக்கூடத்தில், மேல்தளத்தில் அது நின்றுகொண்டிருந்தது.

காலை ஷிப்டு ஆட்களை ஒரகடம் தொழிற்சாலையில் இறக்கிவிட்டு வந்த கம்பெனி பஸ், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டது. சன்னல் ஓரத்தில் இசக்கிசெல்வியும் அவள் தோழி எழிலரசியும் அமர்ந்தார்கள். இசக்கிசெல்வி போன வருடம்தான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தவள். வகுப்பிலேயே குள்ளமானவளும் அவள்தான்.

"எங்கப்பா லைட்டு கம்பெனிலதான் வேலை பாக்காவ" என்றாள் இசக்கிசெல்வி. "அந்த ஆனையில அவிய செஞ்ச லைட்டு ஒண்ணாவது இருக்கும்லா? கண்டுபிடிச்சிட்டு வந்து சொல்லுதேன்னு சொல்லியிருக்கேன்."

பின் இருக்கையிலிருந்து லோகேஷ் தலையை நீட்டினான். "இருக்கும்லா, நடக்கும்லா! லாலா கடை அல்வா இன்னா, பையில கீதா?"

"இருந்தாலும் உனக்குக் கிடையாது. ஒழுங்கா உக்காரு" என்றாள் எழிலரசி.

சாம்சன் சார் பேருந்தின் நடுவில் எழுந்து நின்றார். "கலைக்கூடத்தில் எதையும் தொடக் கூடாது. ஓடக் கூடாது. யாரைப் பற்றியாவது புகார் வந்தால், அவர் திரும்பி வந்து இந்தப் பேருந்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அவருக்கு யானையும் இல்லை, பூனையும் இல்லை!"

எல்லோரும் சிரித்தார்கள். இசக்கிசெல்வி மட்டும் சிரிக்கவில்லை.

"ஏட்டி, தெரியாம எங்கயாவது கால வச்சிட்டேன்னா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அதுக்கு ஒரு வழி கீது" என்றாள் எழிலரசி. "தரையில மஞ்சக் கோடு போட்டிருந்தா, ரெண்டு கோட்டுக்கும் நடுவுல நட. எங்கம்மா கம்பெனில ஃபேமிலி டேக்குப் போனப்ப அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. கோட்டுக்குள்ள போறவங்கள யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. பெட்டி தூக்குற வண்டி கூட நின்னு வழி விடும், தெரியுமா?"

இசக்கிசெல்விக்கு அப்போதுதான் முகம் தெளிந்தது.

கலைக்கூடத்தின் முதல் கூடத்தில், ஒரு சுவர் முழுவதும் நீல நிறம் மட்டும் பூசப்பட்டிருந்தது.

"இன்னும் வரைய ஆரம்பிக்கலையா சார்?" என்று கேட்டான் லோகேஷ்.

"வரைந்து முடித்துவிட்டார்கள்" என்றார் சார். அவருக்கே சற்றுச் சந்தேகமாகத்தான் இருந்தது. அடுத்த கூடத்தில் கூரையிலிருந்து ஏராளமான நாற்காலிகள் தலைகீழாகத் தொங்கின. அவை தங்கள் மேல் விழுந்துவிடுமோ என்று பயந்து, பிள்ளைகள் குனிந்தபடியே அதைக் கடந்தார்கள்.

பள்ளியில் எப்போதும் உயரப்படிதான் வரிசை. ஆகவே முதலில் போனவள் இசக்கிசெல்வி. கடைசியில் நெட்டையான லோகேஷ். அவனுக்கும் பின்னால் சாம்சன் சார்.

ஒரு பக்கவாட்டு வாசல் வழியாக இசக்கிசெல்வி மூன்றாவது கூடத்தில் நுழைந்தாள். நீண்ட வெறுங்கூடம் அது. சுவரில் படம் இல்லை. மேலே நாற்காலி இல்லை. தரை மட்டும் சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருந்தது. அதன் நடுவே, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை, இரண்டு மஞ்சள் கோடுகள்!

அவள் மகிழ்ச்சியோடு திரும்பி எழிலரசியைப் பார்த்தாள். பிறகு இரண்டு கோடுகளுக்கும் நடுவில், கைகளைக் கட்டிக்கொண்டு, மிகுந்த ஒழுக்கத்துடன் நடக்கத் தொடங்கினாள்.

"ஏய்! நில்லு! நில்லு!"

மறு முனையிலிருந்து காவலர் கோதண்டராமன் ஓடிவந்தார். இசக்கிசெல்வி அப்போது கூடத்தின் நடுவே போயிருந்தாள். தூக்கிய காலைக் கீழே வைக்கவும் அஞ்சி, அப்படியே நின்றாள்.

அதன் பிறகுதான் எல்லோரும் கவனித்தார்கள். மஞ்சள் கோடுகளுக்கு நடுவே இருந்தது தரை இல்லை. சல்லடையில் சலித்த மாவு போன்ற கல் தூளைத் தரையின் நிறத்திலேயே அகலமாக, மெத்தென்று பரப்பி வைத்திருந்தார்கள். அதுதான் கலைப்பொருள். அதன் மேல் இசக்கிசெல்வியின் காலடிகள் வாசலிலிருந்து வரிசையாகப் பதிந்திருந்தன.

"குதிச்சு வெளிய வந்துடு!" என்று கத்தினான் லோகேஷ்.

"குதிக்காதே! அசையாதே அம்மா!" என்று பதறினார் சாம்சன் சார்.

"அசையாமல் எவ்வளவு நேரம் நிற்கும் சார் அந்தக் குழந்தை?" என்றார் காவலர். "நீளமான பலகை ஒன்று வேண்டும். கிடங்கில் போய்த்தான் தேட வேண்டும்."

கொக்குகூட ஒற்றைக் காலில் நிற்கும். ஆனால் கொக்குக்குக் கால் நடுங்குவதில்லை. கண்ணிலிருந்து நீர் வடிவதும் இல்லை.

எழிலரசி குனிந்து காலடிகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றும் விளிம்பு சரியாமல், அச்சில் வார்த்தது போல் இருந்தது.

"ஐயா, அவ வெச்ச காலடியிலேயே கால வெச்சுத் திரும்பி வந்துட்டா, வேற எதுவும் கெடாது இல்ல?"

"கெடாதுதான். ஆனால் பின்பக்கம் பார்க்காமல் எப்படி வருவாள்? தடுமாறி விழுந்தால் மொத்தமும் போச்சு!"

"நான் போயி அவ பின்னால நின்னுக்கறேன்."

எழிலரசி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கோதண்டராமன் தயங்கினார். தூக்கிய அந்தச் சிறிய கால் நடுங்குவதைப் பார்த்தார். பிறகு தலையசைத்தார்.

தோழியின் காலடிகள் ஒவ்வொன்றிலும் தன் வெறுங்காலை மெல்ல மெல்ல வைத்து, எழிலரசி நடுக்கூடம் வரை போய்ச் சேர்ந்தாள். இசக்கிசெல்வியின் இடுப்பைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.

"அழாதடி. நான் வந்துட்டேன்."

"எனக்குக் காலே வரமாட்டேங்குட்டி."

எழிலரசியின் தெருமுனையில் ஒரு கிடங்கு உண்டு. அங்கே பெரிய பெரிய கன்டெய்னர் லாரிகள் தினமும் பின்னால் நகர்ந்து உள்ளே போகும். கிளீனர் இறங்கி நின்று வண்டியின் பின்புறத்தைத் தட்டித் தட்டிச் சத்தம் கொடுப்பார். எழிலரசி இப்போது தலையைத் திருப்பிப் பார்த்து, ஓர் அடி பின்னால் வைத்தாள். தோழியின் இடுப்பைத் தட்டினாள்.

"வரட்டும்... வரட்டும்... கொஞ்சம் லெஃப்ட்டுல ஒடி... ரைட்டு, வை கால!"

தூக்கிய கால் சரியாகப் பழைய காலடியில் இறங்கியது.

"நா என்ன லாரியாட்டி?" என்றாள் இசக்கிசெல்வி, மூக்கை உறிஞ்சியபடி.

"ஆமா, பதினாறு சக்கர டிரெய்லரு. பேசாம வா. வரட்டும்... வரட்டும்... நேரா வா..."

"சிரிக்க வைக்காதட்டி, விழுந்திருவேன்!"

வாசலில் நின்ற பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "வரட்டும்... வரட்டும்..." என்று கிசுகிசுத்தார்கள். ஒருத்தி கால் எடுத்த பள்ளத்தில் மற்றவள் கால் வைக்க, இருவரும் பின்னோக்கியே நகர்ந்து வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். தூளில் புதிதாக ஓர் அடையாளமும் விழவில்லை.

அதற்குள் கலைக்கூடத்தின் பொறுப்பாளர் சசிகலா வந்துவிட்டார். சாம்சன் சார் கைகூப்பினார்.

"மன்னிக்க வேண்டும் அம்மா. இந்தப் பெண்ணைப் பேருந்துக்கு அனுப்பிவிடுகிறேன். முன்பே அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்."

இசக்கிசெல்வி மேலே போகும் படிக்கட்டை ஒருமுறை பார்த்தாள். பிறகு வெளியே போகத் திரும்பினாள்.

"சார், அப்போ நானும் பஸ்ஸுக்குப் போறேன்" என்றாள் எழிலரசி. "மஞ்சக் கோட்டுக்கு நடுவுல நடன்னு அவகிட்ட சொன்னதே நான்தான். குள்ளமா இருக்கறதாலதான் அவ மொதல்ல போனா. உயரமானவங்க மொதல்லன்னு நிக்க வெச்சிருந்தா, லோகேஷ்தான் உள்ள மாட்டியிருப்பான்!"

எல்லோரும் லோகேஷைப் பார்த்தார்கள். அவன் தலையைச் சொறிந்தான்.

"ஆமா சார். நானும் நேரா அதுக்குள்ளதான் போயிருப்பேன். எங்கப்பாவும் அப்படித்தான் சொல்லிக் குடுத்துகீறாரு."

சசிகலாவுக்கு வியப்பாக இருந்தது. "மஞ்சள் கோடு போட்டால் உள்ளே நடக்க வேண்டுமா?"

"ஆமாம் மேடம்!" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொன்னது.

சாம்சன் சார் தம் காலணிகளைப் பார்த்துக்கொண்டார். அவர் தம்பியும் மறைமலை நகரில் கார் தொழிற்சாலையில்தான் வேலை செய்கிறார். தாம் முன்னால் வந்திருந்தால் எங்கே கால் வைத்திருப்போம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது போலும்.

சசிகலா சிரித்துவிட்டார். "கோட்டைப் பார்த்தால் எல்லோரும் வெளியே நின்றுவிடுவார்கள் என்று நாங்கள் நினைத்தோம். பெரிய வாசலில் அறிவிப்புப் பலகை இருக்கிறது. இந்த வாசலில் வைக்காதது எங்கள் தவறு. யாரும் பேருந்துக்குப் போக வேண்டாம் சார்."

"காலடிகளை என்ன செய்வது மேடம்?" என்று கேட்டார் கோதண்டராமன்.

"விடுமுறை நாளில்தானே தூளைச் சமன் செய்வோம்? அதுவரை அப்படியே இருக்கட்டும்."

மேல்தளத்தில் யானை கம்பீரமாக நின்றது. இசக்கிசெல்வி அதை மூன்று முறை சுற்றி வந்தாள். "காதுக்குப் பின்னால பாத்தியா?" என்று லோகேஷும் கூடச் சேர்ந்து தேடினான். கடைசியில் முன்னங்காலின் அருகே, அப்பா வீட்டில் வைத்திருக்கும் விளக்கைப் போலவே ஒன்று இருந்தது. அதை அப்பா செய்தாரா, வேறு யாருடைய அப்பா செய்தாரா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் தொடாமல், மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய், "வாரேன் என்ன?" என்று அதனிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

அவர்கள் கீழே இறங்கி வந்தபோது, பக்கவாட்டு வாசலில் புதிய பலகை இருந்தது. அதன் அருகே ஒரு தாயும் தந்தையும் சிறு பையனும் நின்று, மஞ்சள் கோடுகளுக்கு நடுவே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நடு வரைக்கும் காலடி போவுது. அந்தப் பக்கமும் போவல, திரும்பியும் வரல. எங்க போயிருப்பாங்க?" என்றார் தந்தை.

தாய் யோசித்தார். பையன் யோசிக்கவே இல்லை.

"பறந்து போயிட்டாங்கப்பா!"

இசக்கிசெல்வி எழிலரசியின் கையை இறுகப் பற்றினாள். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பக்கத்தில் நின்ற கோதண்டராமன் அந்த இரண்டு சிறுமிகளையும் பார்த்தார். அண்ணாந்து மேலே பார்த்துக்கொண்டிருந்த பையனையும் பார்த்தார். மெல்ல நிமிர்ந்து தாமும் கூரையைப் பார்த்தார்.