என் படம் போட்ட கலண்டர்

நவம்பரில் நாலரை மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். அரசாங்கத்தின் கைக்குப் போன வீடுகளை ஐந்து மணிக்குப் பிறகு பார்க்க விடமாட்டார்கள். அதனால் நாலு மணிக்கே ஸ்காபரோவில் அந்த வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். பின்னால் பிரவீனனும் தனுஷிகாவும் வந்து இறங்கினார்கள். தனுஷிகாவுக்கு ஆறு மாதம். பிள்ளை பிறக்கமுதல் சொந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது அவர்கள் அவசரம். ஏழு மாதமாக ஒரு வீடும் விற்காதது என் அவசரம்.

என் பெயர் கிளிபோட். வீடு வாங்கி விற்றுக் கொடுப்பது தொழில். இப்படியான வீடுகளின் முறை பலருக்குத் தெரியாது. கடன் கட்ட முடியாமல் போன வீட்டை வங்கி எடுக்கும். கடனுக்குக் காப்புறுதி கொடுத்த அரச நிறுவனத்திடம் அது போய்ச் சேரும். அவர்கள் ஒரு நாள் குறிப்பார்கள். அன்று ஐந்து மணிக்குள் ஏஜன்ற் தன் ஆளின் விலையை மூடிய ஏலமாக அனுப்ப வேண்டும். மற்றவர்கள் என்ன விலை போட்டார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. வீடு உள்ளபடியேதான். ஓட்டைக்கும் ஒழுக்குக்கும் யாரும் பொறுப்பில்லை.

ஏலப் படிவத்தில் ஏஜன்றுக்கும் ஒரு கேள்வி இருந்தது. முந்தைய உரிமையாளரை உங்களுக்குத் தெரியுமா? ஆம் என்றால் ஏலத்தை ஒதுக்கி வைத்துவிடுவார்கள்.

எனக்குத் தெரியும். எட்டு வருடத்துக்கு முன், என்னை நம்பி வந்த அருள்மலர் அக்காவுக்கு இந்த வீட்டை வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

கதவில் தொங்கிய பெட்டியிலிருந்து திறப்பை எடுத்துத் திறந்தேன். உள்ளே வெளியைவிடக் குளிர். குழாய்கள் உறைந்து வெடிக்காமலிருக்கத் தண்ணீரை வடித்துவிட்டு, எல்லாப் பைப்புக்கும் மஞ்சள் ஒட்டுநாடா சுற்றியிருந்தார்கள். கழிப்பறைக் கிண்ணத்தில், உறையாமலிருக்க ஊற்றிய இளஞ்சிவப்பு மருந்து தேங்கி நின்றது. கீழேயிருந்து ஈரச்சுவர் மணந்தது. அதற்கு மேலாக, மெல்லியதாக, ஒரு தைல வாசம். அக்கா உறைந்த கோழி பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தவ. விரல்கள் விறைத்துப் போகும் என்று எந்நேரமும் தைலம் பூசுவா.

குசினிச் சுவரில் ஒரேயொரு பொருள் தொங்கியது.

என் கலண்டர்.

ஒவ்வொரு வருடமும் என்னிடம் வீடு வாங்கியவர்களுக்கெல்லாம் அனுப்புவது. மேலே கோட் போட்டுச் சிரிக்கிற என் படம், என் போன் நம்பர். கீழே நாளுக்கொரு தாளாகக் கிழிக்கிற கட்டு. அக்கா ஒவ்வொரு தாளிலும் அன்றைய அலுவலைப் பென்சிலால் எழுதி வைப்பா. ஆனால் இது இந்த வருடக் கலண்டர். அக்காவை வெளியேற்றிப் பூட்டியது போன வருடக் கோடையில்.

அன்றைய திகதி வரை அளவாகக் கிழிந்திருந்தது.

தபாலில் வந்து விழுந்ததை யாரோ ஏஜன்ற் விளையாட்டுக்கு மாட்டியிருப்பான் என்று எனக்கே சொல்லிக்கொண்டு, படத்தை மறைத்து முதுகைக் கொடுத்து நின்றேன்.

"இங்க முதல் ஆர் இருந்தவை, அங்கிள்?" தனுஷிகா கேட்டாள்.

"தெரியாது பிள்ளை. ஆரோ."

சர்ர்.

என் முதுகுக்குப் பின்னால் ஒரு தாள் கிழிந்தது. திரும்பினேன். நாளைய திகதி. கிழிந்த தாள் நிலத்தில் இல்லை. தனுஷிகா யன்னல் பக்கம் போயிருந்தாள். அவளுக்குக் கேட்கவில்லை.

பிரவீனன் கீழே பேஸ்மென்றிலிருந்து கூப்பிட, இறங்கிப் போனேன். போன் வெளிச்சத்தைச் சுவரில் பிடித்துக்கொண்டு நின்றான். புதுப் பெயின்றுக்கு அடியில் கறை படர்ந்திருந்தது.

"உது ஈரம் மாதிரிக் கிடக்கு அங்கிள். வீட்டைச் சோதிச்ச பிறகுதான் வாங்குவம் எண்டு ஒரு இன்ஸ்பெக்ஷன் கண்டிஷன் போடுவமே? ஜஸ்ற் ரு பி சேஃப்."

அது ஈரம்தான். அக்கா வொயிஸ்மெயிலில் சொல்லியிருந்தா. "தம்பி, பேஸ்மென்ற் சுவரால தண்ணி வருது. செக் பண்ணத் தேவையில்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். ஒருக்கா எடுங்கோ." நான் எடுக்கவில்லை. பிறகு வட்டி ஏறியது. வீட்டை விற்றுத் தரச் சொல்லிக் கேட்டா. போன வருடம் ஏப்ரல் பதினோராம் திகதி மட்டும் ஒன்பது தரம் அடித்தா. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். அதன் பிறகு அவ அடிக்கவில்லை. வீடு போய், பிறம்ரனில் தங்கச்சி வீட்டுப் பேஸ்மென்றில் டிசம்பரில் செத்துப் போனா. செத்தவீட்டுக்கும் நான் போகவில்லை. அன்று அஜக்ஸ் நகரத்தில் ஒரு வீடு காட்ட இருந்தது என்று சொல்லிக்கொண்டேன். அந்த வீட்டைப் பார்க்க ஒருவரும் வரவில்லை.

"கண்டிஷன் போட்டால் உங்கட ஏலத்தைத் திரும்பியும் பார்க்கமாட்டினம் தம்பி. என்னை நம்புங்கோ," என்றேன்.

என்னை நம்புங்கோ என்பது அக்காவுக்குச் சொன்ன அதே வசனம். ஒரு சொல்லும் மாறவில்லை.

மேலே குசினியில், சர்ர்.

சிறுவயதில் ஞாயிறு மறைக்கல்வியில் படித்தது நினைவுக்கு வந்தது. மூன்று தரம் தன் ஆண்டவரைத் தெரியாது என்று சொன்ன இராயப்பருக்காவது ஒரு சேவல் கூவியது.

நாலே முக்காலுக்கு, ஏலம் மூடக் கால் மணித்தியாலம் இருக்க, குசினி மேசைத்தட்டில் போனை வைத்துப் படிவத்தை நிரப்பினேன். விலை. கண்டிஷன் இல்லை. முந்தைய உரிமையாளரைத் தெரியுமா?

இல்லை.

சர்ர்.

இந்த முறை காதோரம். தைல வாசம் மூக்கில் ஏறியது. யாரோ என் தோளுக்கு மேலால் எட்டி, போனைப் படிப்பதுபோல் கழுத்தில் குளிர்ந்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. "அனுப்பு" என்பதை அழுத்தினேன். அந்தப் பிள்ளைகள் காரில் ஏறியபின் கலண்டரைக் கழற்றிக்கொண்டு போய், பெற்றோல் நிலையக் குப்பைத் தொட்டியில் திணித்தேன். அங்கே நின்ற பத்து நிமிடமும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் ஏலத்தை மீளப் பெறவில்லை.

ஏலம் எங்களுக்கே விழுந்தது.

புதுவருடம் பிறந்து மூன்றாம் நாள், தேத்தண்ணிக்கு வரச் சொல்லித் தனுஷிகா கூப்பிட்டாள். மறுக்க முடியவில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் குசினிக் கதிரை நுனியில் இருந்தேன். கீழே பம்ப் ஒன்று விடாமல் உறுமிக்கொண்டிருந்தது.

"சுவரால தண்ணி வருது அங்கிள். பிரவீனன் லீவு போட்டிட்டு இறைச்சுக்கொண்டு நிக்கிறார். பிள்ளைக்கு வைச்ச காசு உதுக்குத்தான் போகப்போகுது." அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. பிறகு ஒரு உறையை நீட்டினாள். "உங்கட ஒபிஸில இருந்து இந்த அட்ரெஸுக்கு வந்தது. ஆர் அங்கிள், அருள்மலர்?"

பட்டியலிலிருந்து பெயரை எடுக்க மறந்திருந்தேன். செத்தவவுக்கு, இரண்டாம் வருடமாக, என் சிரித்த முகத்தைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

இப்போதாவது சொல்லு என்றது மனம். சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"பழைய லிஸ்ற் பிள்ளை. ஆரெண்டு தெரியேல்லை."

சர்ர்.

தனுஷிகா கையை உதறினாள். அவளுக்கும் கேட்டது. சத்தம் வந்தது ஒட்டியிருந்த உறைக்குள்ளிருந்து.

சுவரில் கலண்டர் இல்லை.

அவள் மெதுவாகப் பிரித்து வெளியே எடுத்தாள். ஜனவரி இல்லை. பெப்ரவரி இல்லை. மார்ச் இல்லை. மேலே நின்ற தாள் ஏப்ரல் பதினொன்று. கிழிந்த தாள்கள் உறைக்குள் இல்லை. குசினி முழுக்கத் தைலம் மணத்தது.

தாளில் பென்சில் எழுத்து. தனுஷிகா இந்த நாட்டில் பிறந்த பிள்ளை. எழுத்துக் கூட்டித்தான் வாசித்தாள்.

"தம்பிக்கு... ஒன்பது தரம்... போன் அடிச்சனான். எடுக்கேல்லை."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ஆர் அங்கிள், இந்தத் தம்பி?"

எழுந்தேன். வாசலில் நின்று, கார்த் திறப்பை எடுக்கக் கோட்டுப் பொக்கற்றுக்குள் கையை விட்டேன்.

திறப்பு தட்டுப்படவில்லை. பொக்கற் நிறைய, கட்டுக் கட்டாக, கிழித்த தாள்கள் இருந்தன.