பத்தொன்பதாம் அத்தியாயத்துச் சாம்பல்

வார இதழிலிருந்து கத்தரித்து, தையல்நாயகி தன் கையாலேயே தைத்து வைத்திருந்த பேய்த் தொடர்கதையின் பத்தொன்பதாம் அத்தியாயத்தில், யாரோ சாம்பல் விரல்களால் கோடு இழுத்திருந்தார்கள்.

"அம்சம்! என் புத்தகத்தை யாருடி தொட்டது?"

"எனக்கு எழுத்துக் கூட்டவே வராதுங்கம்மா. பேய்க் கதையப் படிக்கிறது நீங்க, ஏச்சு எனக்கா?" என்றாள் வேலைக்காரி.

இரண்டு கோடு, ஓர் இடைவெளி, மறுபடி ஒரு கோடு. தையல்நாயகிக்கு அது தெரியும். உரியவர் வந்து அளக்கும்வரை யாரும் கைவைக்கக் கூடாதென்று களத்து நெற்குவியலின்மேல் நான்கு விரல்களால் சாம்பலில் இடும் குறி. இருபது ஆண்டுகளாக அவள் களத்தில் அதை இட்டவன், அரிவாளுக்கு மோதிர விரலைப் பறிகொடுத்த குத்தகைக்காரன் நாகநாதன். குத்தகைக்காரர் பெயரைப் பதியச் சட்டம் வந்தபோது, "அவன் வெறும் கூலியாள்" என்று தாசில்தாரிடம் சொன்னவள் அவள். அந்த மாதமே அவன் வாய்க்காலில் பிணமாக மிதந்தான். நாளை அவன் மனைவி எல்லையம்மாளின் மனு விசாரணைக்கு வருகிறது. அதே சொல்லை இன்னொரு முறை சொன்னால் போதும், நிலம் அவளுக்கே நிலைத்துவிடும்.

செத்தும் திமிர் அடங்கவில்லையே! முந்தானையால் பக்கத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, ஊஞ்சலில் காலை மடக்கிக்கொண்டாள். கதையில் வரும் பேய் வாரத்துக்கு ஓர் அறையாகப் பங்களாவைக் கடந்து வந்தது. கற்கண்டு நாக்கில் கரைய, பிடரி சிலிர்க்க, எந்தப் பேயும் காகிதத்தை விட்டு இறங்காது என்ற தைரியத்தில் இப்படிப் பயந்து கிடப்பதைப் போலொரு சுகம் அவளுக்கு வேறில்லை. வெளியே ஐப்பசி மழை பிற்பகலையே இருட்டாக்கியிருந்தது. ஈர வைக்கோல் புகையும் வாடை கூடத்துக்குள் வந்தது.

"அம்மா, காலிப் பத்தாயத்துல குறி போட்டிருக்கீங்களே? நெல்லு இன்னும் வீடு வரலியே?"

"நான் போடலடி!"

அம்சம் கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டாள். "நான் வீட்டுக்குப் போறேங்கம்மா" என்று மழையிலேயே இறங்கி ஓடினாள்.

கூடத்துக் கதவில் குறி. ஊஞ்சல் பலகையில், அவள் தொடையருகே, குறி. நெல்மேல் உள்ளங்கை தேய்வது போல ஓர் ஓசை.

"என் நிலம்டா! நாளைக்கும் அதையேதான் சொல்லுவேன்!"

ஓசை நின்றது.

உதட்டில் குளிர்ச்சி. சாம்பல் ருசி. நிலைக்கண்ணாடியை நோக்கினாள்.

அவள் வாயின் குறுக்கே இரண்டு கோடு. இடைவெளி. ஒரு கோடு.

கத்தினாள். உதடுகள் பிரியவில்லை.

வாசற்படியில், அளப்பதற்காக, யாரோ மரக்காலை இறக்கி வைத்தார்கள்.