‘விடு’ என்றால் எதை விடுவது?

எங்கள் தெருவில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். அதில் என் தப்பு ஒன்றும் இல்லை. என் வீட்டு ஜன்னல் அப்படி அமைந்துவிட்டது.

ஆனால் இந்த விஷயம் நடந்தது கடலில். அங்கே எனக்கு ஏது ஜன்னல்? ஆகவே படகில் போன நான்கு பேரையும் தனித்தனியாக நிறுத்தி விசாரித்தேன். நான்கு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். எங்கள் தெருவில் இரண்டு பேர் ஒரே மாதிரி சொல்வதே அபூர்வம். அதனால் இது உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

எதிர்வீட்டில் ஒரு தையல்காரர் இருக்கிறார். நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவருடைய மகளுக்கு வயது பத்து. உருவத்தைப் பார்த்து எல்லோரும் பட்டாணி என்று கூப்பிடுவார்கள். மூளையைப் பார்த்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார்கள்.

பட்டாணியின் மாமா பஸ் ஓட்டுநர். அவர் குரலுக்கு முன்னால் பஸ்ஸின் ஹாரன் தோற்றுப்போகும். அவரிடம் மோட்டார் வைத்த ஒரு சின்னப் படகு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் பொழுதுபோக்காக மீன் பிடிக்கப் போவார்.

“நானும் வருவேன் மாமா” என்று பட்டாணி ஒரு மாதம் நச்சரித்தாள். கடைசியில் அம்மா ஒரு நிபந்தனை போட்டாள்.

“அப்பா கூட வந்தா போ. அவர் வரலைன்னா நீயும் வீட்ல இரு.”

பாவம், தையல்காரர். தண்ணீர்க் குடத்தைப் பார்த்தாலே இரண்டடி தள்ளி நடக்கிறவர். மகளுக்காக மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு படகேறினார்.

இரண்டே ஞாயிறுகளில் பட்டாணி கற்றுக்கொண்டதைக் கேட்டு நானே வாயைப் பிளந்தேன். தூண்டில் முள்ளில் இறாலைக் கோப்பது, ஈயக்குண்டு கடலடியைத் தொட்டதும் நூல் தளர்வதைக் கண்டுபிடிப்பது, மீன் கொறிக்கிறதா கவ்விவிட்டதா என்று கோலின் நுனியைப் பார்த்தே சொல்வது, எல்லாம் அத்துப்படி. அவள் அப்பா கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. வாந்தி எடுக்காமல் உட்கார்ந்திருப்பது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பட்டாணியின் தோழியும் வந்தாள். மூக்கின் மேல் கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் கொஞ்சம் முகம். பெயரும் கண்ணாடிதான். அவள் மீன் பிடிக்க வந்தாளா, பிஸ்கட் தின்ன வந்தாளா என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், ஆழம் குறைந்த மணல் பகுதியில், மாமா நங்கூரம் போட்டார். பிறகு துணிப்பையிலிருந்து தன் தூண்டில் கோலை எடுத்தார். அதற்கு மகாராணி என்று பெயர். தினமும் அதைத் துடைத்து, எண்ணெய் போட்டு, வரவேற்பறை சோபாவில் படுக்க வைப்பார். விருந்தாளிகள் நின்றுகொண்டுதான் பேச வேண்டும்.

சற்று நேரத்தில் கண்ணாடியின் நூல் சிக்கிக்கொண்டது.

“அத்தான், இத ரெண்டு நிமிஷம் பிடிங்க. அந்தச் சிக்கைப் பார்த்துட்டு வர்றேன்” என்று மகாராணியைத் தையல்காரரிடம் கொடுத்தார் மாமா.

அந்த இரண்டு நிமிஷத்துக்காகவே ஒரு மீன் காத்திருந்தது போலிருக்கிறது. கோல் சடாரென்று வளைந்தது. நூல் சுற்றிய ரீல் கிர்ரென்று கத்தியது.

“மாப்ளே! மாப்ளே! இழுக்குது!”

“பெரிய மீனு! இழுக்காதீங்க அத்தான், அறுந்துடும்! விடுங்க! விடுங்க!”

தையல்காரர் விட்டார்.

மகாராணி படகின் விளிம்பைத் தாண்டி, தலைகீழாகப் பாய்ந்து, கடலுக்குள் போனாள்.

கண்ணாடியின் வாயில் பிஸ்கட் அப்படியே நின்றது.

“அத்தான்... என்ன பண்ணிட்டீங்க?” மாமாவின் குரல் முதன்முறையாக மெல்ல வந்தது. அடுத்த நொடியே ஏறியது. “கோலையா விடுவாங்க? சின்னக் குழந்தைகூட விடாது! இனிமே நீங்க இந்தப் படகுல கால் வைக்கக் கூடாது!”

“நானே வரல மாப்ளே. எனக்கு இதெல்லாம் சரிப்படாது.” தையல்காரர் தன் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் ஒளித்துக்கொண்டார்.

அப்பா வரவில்லை என்றால் பட்டாணியும் வர முடியாது. கடலும் முடிந்தது, ஞாயிறும் முடிந்தது. ஆனால் அதைவிட அப்பா கைகளை ஒளித்துக்கொண்ட விதம்தான் அவளுக்கு அழுகையை வரவழைத்தது.

மாமா நங்கூரக் கயிற்றைப் பிடித்தார். “போதும், கிளம்பலாம்.”

“மாமா, நங்கூரத்தைத் தூக்காதீங்க!” என்றாள் பட்டாணி. “தூக்கினா படகு நகர்ந்துடும். கோல் எங்க விழுந்துச்சுன்னே தெரியாம போயிடும்.”

மாமாவின் கை நின்றது.

பட்டாணி அப்பா பக்கம் திரும்பினாள். “அப்பா, ஏம்பா விட்டீங்க?”

“மாமாதானேம்மா விடுங்கன்னாரு.”

“நான் நூலை விடச் சொன்னேன்!” என்று மாமா குதித்தார். படகும் சேர்ந்து குதித்தது.

“நூல்னு நீங்க சொல்லவே இல்லையே மாமா. வெறுமனே விடுங்கன்னுதானே சொன்னீங்க? எங்க கடையில அம்மாவும் அப்பாவும் சேர்ந்து பெரிய திரைச்சீலை தைப்பாங்க. அம்மா ‘விடுங்க’ன்னு சொன்னா அப்பா டக்குன்னு கையை எடுத்துடணும். எடுக்கலைன்னா ஊசி விரல்ல ஏறிடும். பல வருஷமா அம்மா பழக்கி வச்சிருக்காங்க.”

மாமா வாயைத் திறந்தார். பட்டாணியின் அம்மா அவருடைய சொந்த அக்கா. அக்காவை எதிர்த்துப் பேச அவருக்குக் கரையிலேயே தைரியம் கிடையாது. கடலில் எங்கிருந்து வரும்? வாயை மூடிக்கொண்டார்.

“எங்க வீட்ல ‘விடு’ன்னா, போனது போகட்டும், அழாதேன்னு அர்த்தம்” என்றாள் கண்ணாடி.

“நீ பிஸ்கட்டைத் தின்னு” என்றார் மாமா.

பட்டாணி அதற்குள் பெட்டியைத் திறந்து மூன்று பெரிய முட்களையும் ஒரு கனமான ஈயக்குண்டையும் எடுத்திருந்தாள். எல்லாவற்றையும் ஒரே நூலில் கட்டினாள்.

“இத வீசி, தரையோட தரையா மெதுவா இழுத்தா, மகாராணியோட நூல் மாட்டும் இல்ல மாமா?”

“கடல்ல போய் ஒரு நூலைத் தேடுறதா? நடக்கிற கதையா இது?”

“வீடு கூட்டுற மாதிரி ஒரு பக்கத்துலேர்ந்து வரிசையா கூட்டிட்டே வரலாம். மீன் அந்தப் பக்கம்தான் இழுத்துச்சு.”

மாமா வீசினார். முதல் தடவை பாசி வந்தது. அடுத்து ஒரு பிளாஸ்டிக் பை. அதற்கடுத்து ஒற்றைச் செருப்பு. “இதுக்கு ஜோடி இருக்கான்னு பாருங்க மாமா” என்றாள் கண்ணாடி. மாமா பார்த்த பார்வையில் அவள் அடுத்த பிஸ்கட்டை எடுத்துக்கொண்டாள்.

ஏழெட்டு முறை ஆயிற்று. பாசி மாட்டும்போதெல்லாம் மாமா மீன் என்று நினைத்து வெடுக்கென்று இழுத்தார். மாட்டியது மகாராணியின் நூலாகவே இருந்தாலும் அந்த வெடுக்கில் கழன்றுபோயிருக்கும்.

பட்டாணி யோசித்தாள். பிறகு அப்பாவின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

“அப்பா, நீங்க பிடிங்க.”

“வேணாம்மா. இருக்கிறதையும் தொலைச்சுடுவேன்.”

“கண்ணை மூடிட்டே துணியைத் தடவி, எந்த ரகம்னு சொல்லுவீங்களே. அந்த விரல் மாமாகிட்ட இல்லப்பா. உங்ககிட்டதான் இருக்கு.”

தையல்காரர் மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் கடலைப் பார்த்தார். மெல்ல, அக்குளிலிருந்து கைகள் வெளியே வந்தன.

மாமா வீசினார். தையல்காரர் நூலைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, அங்குலம் அங்குலமாக இழுத்தார்.

“இது பாசி.” மறுபடி வீச்சு. “இது கல்லு.” மறுபடி. “மணல். மணல்.”

பிறகு அவர் விரல்கள் நின்றன.

“இது நூலு.”

“எப்படி அத்தான் சொல்றீங்க?”

“நூல்மேல நூல் உரசுறது எனக்குத் தெரியாதா மாப்ளே?”

அந்த இரைச்சல்கார மாமாவும் படகில் பூனை மாதிரி உட்கார்ந்தார். தையல்காரர் கொஞ்சமும் அவசரப்படாமல் இழுத்தார். முட்கள் தண்ணீருக்கு மேலே வந்தன. ஒரு முள்ளில் மெல்லிய நூல் ஒன்று இரண்டு பக்கமும் தொங்கியது. மகாராணியின் நூலேதான்!

பட்டாணி துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு அதைப் பிடித்தாள். வெறும் கையால் பிடித்தால் நூல் கத்தி மாதிரி அறுக்கும் என்பதை அவள் முதல் ஞாயிறே கற்றிருந்தாள்.

“ஒரு பக்கம் துள்ளுது. அது மீன்! துள்ளாத பக்கம் கோல். மாமா, நீங்க கோல் பக்கத்தை இழுங்க. அப்பா, நீங்க துண்டால மீன் பக்கத்தைப் பிடிங்க.”

துண்டு அப்பாவின் கைக்கு மாறியது. மீன் ஓர் இழுப்பு இழுத்தது.

“வி...” என்று ஆரம்பித்த மாமா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். பட்டாணியைப் பரிதாபமாகப் பார்த்தார். அக்கா வீட்டில் இதற்கு என்னதான் சொல்வார்கள்?

“நூல் கொடுங்கப்பா!” என்றாள் பட்டாணி.

அவ்வளவுதான். மிஷினுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு நூல் கொடுக்கிறவர், மீனுக்கும் அப்படியே கொடுத்தார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இந்தப் பக்கம் மாமா மளமளவென்று இழுக்க, தலையில் பாசிக் கிரீடத்தோடு மகாராணி எழுந்து வந்தாள்.

மாமா அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார். இந்த ஒன்றை மட்டும் அவர் மறுக்கிறார். மற்ற மூன்று பேரும் உறுதியாகச் சொல்கிறார்கள்.

மீன் இன்னும் நூலின் முனையில்தான் இருந்தது. மாமா ரீலைச் சுற்றத் தயாரானார். பிறகு என்ன நினைத்தாரோ, கோலைத் தையல்காரரிடம் நீட்டினார்.

“உங்க மீனு அத்தான். நீங்களே ஏத்துங்க.”

“மகாராணியையா? மறுபடியுமா?”

“பிடிங்கன்னா பிடிங்க.”

அதற்குப் பிறகு படகில் இரண்டே சொற்கள்தான். மீன் ஓடினால் பட்டாணி ‘நூல் கொடு’ என்பாள். களைத்தால் ‘சுத்து’ என்பாள். கொடுப்பதும் சுற்றுவதுமாகக் கால் மணி நேரம். கண்ணாடி வலையை நீட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, முதலில் மாமாவின் தொப்பியைப் பிடித்தாள். இரண்டாவது முறை மீனைப் பிடித்தாள். அவள் கை நீளத்துக்கு ஒரு பாரை மீன், வெள்ளித் தட்டு மாதிரி மின்னியது.

அன்று சாயங்காலம் தையல்காரர் வாசலில் நின்று மீனின் அளவை இரண்டு கையாலும் விரித்துக் காட்டினார். நான் கேட்காமலேயே நாற்பது வார்த்தை பேசினார். எண்ணிப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு, விடிந்தும் விடியாத நேரம். எதிர்வீட்டு வாசலில் மாமாவின் குரல் தெருவையே எழுப்பியது.

“அத்தான்! கிளம்பிட்டீங்களா?”

கதவு உடனே திறந்தது. தையல்காரர் மிதவைச் சட்டையின் எல்லா வாரையும் கட்டிக்கொண்டு, எப்போதோ தயாராக நின்றிருந்தார். இருவரும் மாடிப்படியை அண்ணாந்து பார்த்தபடி காத்திருந்தார்கள்.

பட்டாணி நிதானமாகப் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். அவள் ஏறாமல் அந்தப் படகு கிளம்பாது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.